லேபிளில் உள்ள அளவு புட்டியில் இல்லை: கொழுப்பு அமிலப் பால்மம் குறித்துப் புகார்

அனுப்புநர்:
பொறுப்பாளர், நுண்ணுயிரியல் ஆய்வகம்

பெறுநர்:
மேலாளர், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு

பொருள்: நுண்ணுயிர் நீக்கிய லினோலெயிக் அமிலப் பால்மத்தின் அளவுக் குறைவும் கெட்ட நிலையும் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். புரோபயாட்டிக் (உடலுக்கு நன்மை செய்யும்) பாக்டீரியா சோதனைகளுக்கென்றே தயாரித்தது என்று நீங்கள் விற்கும் லினோலெயிக் அமிலப் பால்மத்தை (இந்தக் கொழுப்பு அமிலத்தின் எண்ணெய்த் துளிகள் நீரில் பரவிய கலவையை) எங்கள் ஆய்வகம் வாங்கியது. மில்லிலிட்டருக்கு 30 மி.கி. அமிலம், 2 விழுக்காடு ட்வீன் 80 (எண்ணெயை நீரில் கலக்க உதவும் பொருள்), வடிகட்டி நுண்ணுயிர் நீக்கப்பட்டது என்கிறது லேபிள். அந்த 30 மி.கி. புட்டிக்குள் இல்லை.

புட்டிகள் வந்தபோதே கழுத்தை ஒட்டி மஞ்சள் எண்ணெய் வளையம் படிந்திருந்தது. மூடியைத் திறந்ததும் சிக்கு வாடை அடித்தது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு எழுதினோம். "நன்றாகக் குலுக்கிப் பயன்படுத்தவும்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. குலுக்கினோம். வெளுத்த பால்மம் சற்று நேரத்திலேயே பிரிந்து, எண்ணெய் மேலே வந்து நின்றது.

ஆகவே ஒரு புட்டியை முழுவதுமாகப் பிரித்தெடுத்து, அளவு தெரிந்த ஹெப்டாடெக்கனோயிக் அமிலத்தை ஒப்பிடுவதற்காகச் சேர்த்து, எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டராக மாற்றி, வாயு நிறப்பிரிகையில் (கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் முறை) அளந்தோம். சுவரில் ஒட்டியிருந்த எண்ணெயையும் கழுவி எடுத்த பிறகும், லேபிளில் சொன்னதில் பாதிகூட இல்லை. காரணம் உங்கள் பகுப்பாய்வுச் சான்றிதழிலேயே சிறிய எழுத்தில் இருக்கிறது: அமிலத்தின் அளவு "வடிகட்டலுக்கு முந்தைய கலவையில்" எடுக்கப்பட்டது. வடிகட்டியின் துளை 0.22 மைக்ரோமீட்டர். அதைவிடப் பெரிய எண்ணெய்த் துளிகள் சவ்வில் தங்கிவிடும், அல்லது நசுங்கி வெளியே வந்து பிறகு ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். சவ்வில் தங்கிய அமிலத்தை எவ்வளவு குலுக்கினாலும் புட்டிக்குள் கொண்டுவர முடியாது. வடிகட்டிய பின் அளக்காமல் விற்பனைக்கு அனுப்பியது கவனக்குறைவு.

இது சிறிய வித்தியாசம் என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் போன்ற கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் வேறெதனுடனும் பிணையாமல் தனி நிலையில் உள்ள லினோலெயிக் அமிலம் தடுக்கும். எவ்வளவு தடுக்கும் என்பது அளவைப் பொறுத்தது. எந்த இனம் எவ்வளவு தாங்குகிறது, அதில் எவ்வளவை இணைவுற்ற லினோலெயிக் அமிலமாக (இரட்டைப் பிணைப்பின் இடம் மாறிய வடிவமாக) மாற்றுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. பாதி அளவைக் கொடுத்துவிட்டு முழு அளவு என்று நினைத்திருந்தால், எளிதில் சாகக்கூடிய இனத்தைத் தாங்குதிறன் மிக்கது என்று எழுதியிருப்போம். அதை நம்பி இன்னொருவர் அடுத்த சோதனையைத் தொடங்கியிருப்பார்.

சிக்கு வாடைக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். லினோலெயிக் அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் இருக்கும் கார்பனிலிருந்து ஹைட்ரஜன் எளிதாகப் பிரிவதால்தான் ஆக்சிஜன் அதை எளிதாகத் தாக்குகிறது. அதனால் உருவாகும் ஹைட்ரோபெராக்சைடுகள் பாக்டீரியாவைத் தம் பங்குக்குத் தாக்கும்; வளர்ச்சி குறைந்தால் அது அமிலத்தாலா, கெட்டுப்போன அமிலத்தாலா என்று பிரித்தறிய வழியில்லை. நைட்ரஜன் நிரப்பிய பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், உறைநிலையில் அனுப்ப வேண்டிய பொருள் இது. எங்களுக்கு வந்தது நிறமற்ற கண்ணாடிப் புட்டி, பாதி காலி, உள்ளே காற்று. சான்றிதழில் பெராக்சைடு மதிப்பு (எண்ணெயில் எவ்வளவு பெராக்சைடு சேர்ந்துள்ளது என்று காட்டும் அளவு) என்ற வரியே இல்லை.

நுண்ணுயிர் நீக்கம் குறித்தும் ஐயம் எழுகிறது. "வளர்ப்பு ஊடகத்தில் கலங்கல் காணப்படவில்லை" என்று சான்றளித்திருக்கிறீர்கள். பால்மம் சேர்த்ததுமே ஊடகம் கலங்கிவிடுகிறதே, பிறகு எதை வைத்துக் கலங்கல் இல்லை என்று முடிவு செய்தீர்கள்? இத்தகைய பொருள்களை 14 நாள் வளர்த்தபின் ஒரு பகுதியைப் புதிய ஊடகத்துக்கு மாற்றி மீண்டும் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்பது மருந்துத் தர நூல்களில் உள்ள விதி. அது செய்யப்பட்டதா என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதில் தேவை.

இந்தத் தொகுதிக்குச் செலுத்திய பணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். மாற்றுத் தொகுதி அனுப்புவதாக இருந்தால், வடிகட்டிய பின் எடுத்த அமில அளவு, பெராக்சைடு மதிப்பு, துளிகளின் அளவு ஆகியவற்றோடு அனுப்புங்கள். அதே ட்வீன் 80-இல் கொழுப்பு அமிலம் மட்டும் சேர்க்காமல் தயாரித்த ஒப்பீட்டுக் கரைசலும் உடன் வர வேண்டும். லாக்டோபேசில்லஸை வளர்க்கும் எம்ஆர்எஸ் ஊடகத்திலேயே லிட்டருக்கு 1 கிராம் ட்வீன் 80 இருக்கிறது. உங்கள் பால்மம் அதன் மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது. ட்வீனில் உள்ள ஒலெயிக் அமிலப் பகுதியே லாக்டோபேசில்லஸ் வளர உதவும் என்பதால், அந்த ஒப்பீடு இல்லாமல் எந்த முடிவும் நிற்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இதே தொகுதி எண்ணை வாங்கிய மற்ற ஆய்வகங்களுக்கு உடனே தெரிவியுங்கள். சோதனையைப் பாதி நடத்தி முடித்தவர்கள் அவர்களில் இருக்கலாம். நிறப்பிரிகை வரைபடமும் புட்டிகளின் புகைப்படங்களும் இக்கடிதத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. திறக்காத புட்டிகளை உறைநிலையில் வைத்திருக்கிறோம். உங்கள் ஆய்வாளர் வந்து எடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
பொறுப்பாளர், நுண்ணுயிரியல் ஆய்வகம்