தீக்குச்சியை விடுங்கள், கதவைப் பற்றிக் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு கால்பந்து மைதானத் தீ பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். முதலில் ஒரு திருத்தம். ரசிகர்கள் முன்பக்கக் கம்பி வேலியில் சிக்கி இறந்தார்கள் என்று அதில் இருக்கிறது. அந்தக் கேலரிக்கு முன்னால் வேலியே கிடையாது. சுவரைத் தாண்டிப் புல்தரைக்குள் குதித்துத்தான் பெரும்பாலானோர் பிழைத்தார்கள். வேலி மட்டும் இருந்திருந்தால் சாவு எண்ணிக்கை பல மடங்காகியிருக்கும் என்று விசாரணை அறிக்கையே சொல்கிறது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் கிடந்தது பின்பக்கத்தில், கதவுகளுக்கு அருகில்.

இதைத் திருத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டுரை முழுக்க "நெருப்பை வைத்தது யார்?" என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது. தீ எப்படிப் பிடித்தது என்பது ஒரு கேள்வி. 56 பேர் ஏன் வெளியேற முடியவில்லை என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை கிடைத்தாலும் இரண்டாவது அப்படியேதான் நிற்கும்.

அன்று 1985 மே 11, சனிக்கிழமை. மூன்றாம் பிரிவுக் கோப்பையை வென்றுவிட்ட பிராட்ஃபோர்டு சிட்டி அணி, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் லிங்கன் சிட்டியுடன் மோதியது. ஆட்டத்துக்கு முன்பே கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். 11,076 பேர் வந்திருந்தார்கள். முதல் பாதி முடியும் தறுவாயில், மாலை 3.40 வாக்கில், முதன்மைக் கேலரியின் 'ஜி' பகுதியில் இருக்கைகளுக்கு அடியில் தீ தெரிந்தது. நான்கு நிமிடத்துக்குள் கேலரி முழுவதும் எரிந்தது.

நான்கு நிமிடம் என்பதை நம்ப முடியாதவர்களுக்காக அந்தக் கட்டடத்தின் அமைப்பைச் சொல்கிறேன். 1911-இல் முடிந்த மரக் கேலரி அது. மலைச்சரிவில் கட்டியதால் தரைப்பலகைகளுக்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம் இருந்தது. பலகைகளுக்கு நடுவே இடுக்குகள். காகிதக் கோப்பை, கடலைப் பொட்டலம், செய்தித்தாள் என்று மேலே உட்கார்ந்தவர்கள் கீழே போட்டதெல்லாம் அந்த இடுக்கு வழியாக இறங்கிச் சேர்ந்தது. பலகையைப் பெயர்க்காமல் அதைக் கூட்டி அள்ள வழியில்லை. தீக்குப் பிறகு குப்பையைக் கிளறியபோது 1968 நவம்பர் 4 தேதியிட்ட உள்ளூர் நாளிதழ் ஒன்று கிடைத்தது. கூடவே, பழைய நாணய முறையில் ஆறு பென்ஸ் விலை போட்ட கடலைப் பொட்டலம். அந்த நாணய முறை 1971-லேயே ஒழிந்துபோனது. அப்படியென்றால், பதினாறு ஆண்டுக்கும் மேலாக அந்த அடித்தளத்தை யாரும் சுத்தம் செய்யவில்லை.

காய்ந்த காகிதக் குவியல், மேலே பழைய பலகை, இடுக்கு வழியே காற்று. இது ஏறக்குறைய நன்றாக அடுக்கிய அடுப்பு. இதில் விழுந்த தீப்பொறி முதல் ஒரு நிமிடம் சின்னதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பலகைக்கு அடியில் எரிகிற தீயை மேலிருந்து காலால் மிதித்து அணைக்க முடியாது. தீயணைப்பான் இருந்திருந்தால் இடுக்கு வழியே அடித்துப் பார்த்திருக்கலாம். விஷமிகள் கை வைப்பார்கள் என்று பயந்து அதையும் கேலரி நடைபாதையில் வைக்கவில்லை. தீயணைப்பான் தேடி கிளப் கட்டடத்துக்கு ஓடிய ஒருவர் புகையில் திணறியதுதான் மிச்சம்.

அடுத்தது கூரை. மரப்பலகையின் மேல் தார் பூசிய விரிப்பு. கீழே பிடித்த தீயின் சூடான வாயு மேலெழும்பி, வெளியேற வழியில்லாமல் கூரையின் அடிப்பக்கமாகவே நீளவாக்கில் ஓடியது. வாயு ஓடிய தூரமெல்லாம் கூரை பற்றியது. எரியும் கூரையின் அனல் கீழே இருக்கைகளைச் சுட்டது, உருகிய தார் சொட்டியது. தீ ஓர் இருக்கையிலிருந்து அடுத்த இருக்கைக்குத் தாவியதாகக் கட்டுரை வருணிக்கிறது. நடந்தது அப்படியல்ல. தலைக்கு மேல் நெருப்பு முந்திப் போய்விட்டது. தீப்பிடித்த இடத்திலிருந்து தள்ளி உட்கார்ந்து "நமக்கு நேரமிருக்கிறது" என்று நினைத்தவர்களுக்கு உண்மையில் நேரமில்லை.

இனி கதவுகள். சரிவான நிலம் என்பதால் கேலரிக்குள் வருகிற வழி மேலே, பின்பக்கத்தில் இருந்தது. ஆபத்து வந்தால் மனிதர்கள் தாங்கள் வந்த வழியைத்தான் தேடுவார்கள். பலர் மேலே ஏறிப் பின் நடைபாதைக்குப் போனார்கள். அங்கே சுழல்கதவுகள். காசு கொடுத்தவரை ஒவ்வொருவராக உள்ளே விடுவதற்காகச் செய்த இயந்திரம் அது, உள்ளே மட்டும்தான் சுழலும். ஆட்டம் தொடங்கியதும் அதையும் அடைத்துவிடுவார்கள். பக்கத்து வெளியேறும் கதவுகள் பெரும்பாலும் பூட்டியோ சாத்தியோ இருந்தன, திறந்துவிட ஊழியர் யாரும் நிற்கவில்லை. ஏழு கதவுகள் உடைத்தோ, தற்செயலாகத் திறந்திருந்தோ உயிர்களைக் காப்பாற்றின. 'கே' வாயிலருகிலும் 6 முதல் 9 வரையிலான சுழல்கதவுகளருகிலும் மட்டும் 27 உடல்கள் கிடந்தன.

அன்றைய பாதுகாப்பு வழிகாட்டியின்படி இத்தகைய கேலரியை இரண்டரை நிமிடத்தில் காலி செய்ய முடிய வேண்டும். இத்துறையின் பழைய கணக்கு ஒன்று உண்டு: படியேறும் பாதையில் 55 சென்டிமீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 40 பேர். இரண்டரை நிமிடத்தில் 100 பேர். ஆக, பின்பக்கமாக ஆயிரம் பேர் வெளியேற வேண்டுமானால் ஐந்தரை மீட்டர் அகலத்துக்குத் திறந்த வாசல் வேண்டும். பூட்டிய கதவு இந்தக் கணக்கில் பூஜ்யம்.

இப்போது விடை கிடைக்காத கேள்விகளுக்கு வருகிறேன்.

1984 ஜூலையில் மேற்கு யார்க்‌ஷயர் கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பகுதி) நிர்வாகம் கிளப்புக்குக் கடிதம் எழுதியது. மரக் கட்டுமானம் தீ அபாயம் கொண்டது, இருக்கைகளுக்கு அடியில் எரியக்கூடிய பொருள் சேர்ந்திருக்கிறது, கவனமில்லாமல் போட்ட ஒரு சிகரெட்டே தீயை மூட்டலாம் என்று சொன்ன கடிதம். இரண்டரை நிமிடக் கணக்கும் அதிலேயே இருந்தது. ஓராண்டு கழித்து எழுதப்பட்ட விசாரணை அறிக்கையின் முடிவை அந்தக் கடிதம் முன்கூட்டியே எழுதிவிட்டது என்றே சொல்லலாம். அது யார் மேசைக்குப் போனது, படித்தவர் என்ன செய்தார், எழுதிய நிர்வாகம் ஏன் திரும்பிக் கேட்கவில்லை? அந்த நிர்வாகம்தான் தீயணைப்புக்கும் பொறுப்பு. ஆபத்தான கட்டடத்தைப் பயன்படுத்தத் தடை கேட்டு நீதிமன்றம் போகும் அதிகாரம் 1971-ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டப்படி அதற்கு இருந்தது. போகவில்லை.

1987-இல் நஷ்டஈட்டு வழக்கில் நீதிபதி கேன்ட்லி, கிளப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு, கவுன்ட்டி நிர்வாகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு பொறுப்பு என்று தீர்ப்பளித்தார். உரிமையியல் நீதிமன்றம் பொறுப்பை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் கொடுத்த பிறகும் ஒருவர் மீதுகூடக் குற்றவழக்கு இல்லை. மரண விசாரணையின் முடிவு 'எதிர்பாரா விபத்து' என்பதோடு நின்றது. எழுத்தில் எச்சரிக்கை வந்திருந்த ஒன்றை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது? 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசல் சாவுகளுக்கும் முதலில் 'விபத்து' என்றுதான் தீர்ப்பு வந்தது. அந்தக் குடும்பங்கள் விடாமல் போராடி, 2016-இல் அதைச் 'சட்டவிரோதமான சாவு' என்று மாற்ற வைத்தார்கள். பிராட்ஃபோர்டு கோப்பு அப்படித் திறக்கப்படவே இல்லை.

சட்டத்தில் இருந்த ஓட்டையும் கேட்க வேண்டிய கேள்விதான். 1971-இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 66 பேர் நசுங்கி இறந்த பிறகு 1975-இல் மைதானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் மூன்றாம், நான்காம் பிரிவு மைதானங்களைப் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயத்திலிருந்து விட்டுவிட்டார்கள். பிராட்ஃபோர்டு இரண்டாம் பிரிவுக்கு ஏறியதால்தான் அந்தச் சட்டம் அதைத் தொட இருந்தது. அதற்காகவே கூரையைப் பிரிக்க இரண்டு நாளில் வேலை தொடங்குவதாக இருந்தது, இரும்பும் வந்து இறங்கியிருந்தது. கீழ்ப் பிரிவு என்பதால் மரம் மெதுவாக எரியுமா?

விசாரணையின் வேகம் பற்றிக் கட்டுரை எழுப்பும் சந்தேகம் நியாயமானது. அரசு விசாரணையை நடத்திய நீதிபதி பாப்பிள்வெல் ஜூன் 5-இல் அதைத் தொடங்கினார். தீ நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதே விசாரணையில், தீ நடந்த அதே நாள் பர்மிங்காமில் சுவர் இடிந்து ஒரு சிறுவன் இறந்த சம்பவமும் சேர்ந்தது. அடுத்த பருவம் தொடங்குமுன் பாதுகாப்புப் பரிந்துரை தர வேண்டிய அவசரம் புரிகிறது. பரிந்துரை தருவதும் குற்றப் பொறுப்பாளியைக் கண்டறிவதும் வேறு வேறு வேலை. இரண்டாவதை யாருமே செய்யவில்லை.

கிளப்பின் அன்றைய தலைவர் தொடர்புடைய நிறுவனங்களில் முன்பே எட்டுத் தீ நடந்திருந்ததை, குடும்பத்தில் நால்வரைப் பறிகொடுத்த ஒருவர் 2015-இல் வெளியிட்டார். தீ விபத்துதான் என்ற தம் முடிவு மாறவில்லை என்றார் பாப்பிள்வெல். பழைய எட்டுத் தீயைக் கொண்டு ஒன்பதாவதை வைத்தது யார் என்று நிரூபிக்க முடியாது. அதற்குத் தடயம் வேண்டும். ஆனால் 1985-இல் அந்த விவரத்தை விசாரணைக்குள் கொண்டுவந்து பரிசோதித்து ஒதுக்கியிருக்கலாம். செய்யாததால்தான் சந்தேகம் இன்னும் உயிரோடிருக்கிறது. அதே 2015-இல், ஓய்வுபெற்ற துப்பறிவாளர் ஒருவர் சிகரெட் போட்டவர் இன்னார் என்று சொன்னதையும் உங்கள் கட்டுரை பெரிதாக்குகிறது. அது உண்மையாகவே இருந்தாலும், அந்த மனிதர் செய்தது புகைக்கத் தடையில்லாத கேலரியில் எத்தனையோ பேர் வாராவாரம் செய்துவந்த காரியம். அவர் தலையில் 56 உயிரைச் சுமத்துவது அநியாயம்.

பிராட்ஃபோர்டு பற்றி மீண்டும் எழுதுவீர்களானால், 1984 ஜூலைக் கடிதத்திலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
தீத்தடுப்புப் பணியிலிருக்கும் வாசகர்,
திருச்சி