ஈட்டை மாற்றுகிறவர்கள் வருடத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகளால் ஏற்றியது. அதற்குப் பிந்திய மாதங்களில் நிலையான வட்டிக்கு வீட்டுக் கடன் எடுத்தவர்களில் பலர் இன்னும் அந்த வட்டியையே கட்டி வருகிறார்கள். கொள்கை வீதமோ 2025 மே மாதத்தில் 7.75க்கு இறங்கிவிட்டது. பழைய கடனைத் தீர்த்து, வேறு வங்கியில் குறைந்த வட்டிக்கு வீட்டை மறுபடி ஈடு வைக்க அவர்கள் நினைப்பது நியாயம்தான். கணக்குப் பிழைக்கிற இடம் வேறு.

மீதிக் கடன் 30 இலட்சம், 18 வீத வட்டி, இன்னும் 10 வருடம் என்று வைப்போம். மாதத் தவணை ஏறத்தாழ 54,050 ரூபா. 12 வீதத்துக்கு மாற்றி அதே 10 வருடத்தில் கட்டினால் 43,050. மொத்தத்தில் 13 இலட்சம் மிச்சம். ஆனால் புதிய வங்கியில் "15 வருடமாகப் போடுவோமா, தவணை 36,000தான் வரும்" என்று கேட்டால் அநேகர் தலையாட்டிவிடுகிறார்கள். 36,000ஐ 180 மாதத்தால் பெருக்கிப் பாருங்கள்: 64 இலட்சத்து 80 ஆயிரம். பழைய கடனை அப்படியே கட்டி முடித்திருந்தாலும் இதே தொகைதான்! வட்டி 6 வீதம் குறைந்தும் கைக்கு ஒரு சதம் மிஞ்சவில்லை. வீட்டு உறுதி (உரிமைப் பத்திரம்) மட்டும் இன்னும் 5 வருடம் வங்கியில் கிடக்கும்.

மாற்றுவதற்கும் செலவுண்டு. முன்கூட்டித் தீர்ப்பதற்கான கட்டணம், மதிப்பீட்டாளர், நொத்தாரிசு, பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்து 1,80,000 ரூபா என்றால், மாதம் 11,000 மிச்சப்படும்போது அதை ஈடுகட்டவே 16, 17 மாதம் போய்விடும். கடன் முடிய இரண்டு வருடமே இருப்பவருக்கு மீதிக் கடன் சிறிது, மாதம் மிச்சப்படுவதும் சிறிது; அவர் மாற்றுவதில் பலனில்லை. எதற்கும் முதலில் வேறு வங்கி தரும் வட்டியை எழுத்தில் வாங்கி, அதைக் காட்டிச் சொந்த வங்கியிடமே குறைக்கக் கேளுங்கள். இணங்கினால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சப்படும்.

எங்கள் பகுதிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெரும்பாலும் சீதனமாக மகளுக்குப் போவது. அந்த நன்கொடை உறுதியில் பெற்றோருக்குச் சீவிய உரித்து (உயிரோடிருக்கும்வரை வீட்டில் உரிமை) வைத்து ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். அந்த வரி இருந்தால் தாயும் தகப்பனும் வந்து கையொப்பம் வைக்காமல் வங்கியின் சட்டத்தரணி கோப்பை நகர்த்தமாட்டார். அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அற்றோணித் தத்துவம் (அவருக்காக வேறொருவர் கையொப்பமிடும் அதிகாரப் பத்திரம்) தேவைப்படும். உறுதியில்லாத, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் யாருக்கு ஈடு வைக்கலாம் என்பதற்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு. விண்ணப்பிக்க முன்னரே பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

லீசிங், நுண்கடன், நகை அடகு எல்லாவற்றையும் வீட்டுக் கடனோடு சேர்த்து ஒரே தவணையாக்குவதும் ஈட்டை மாற்ற ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. லீசிங் தவறினால் ஓட்டோ போகும், அடகு தவறினால் தாலிக்கொடி போகும். சேர்த்துவிட்டால் எது தவறினாலும் வீடுதான் ஏலத்துக்கு வரும். கணவரின் தொழில் கடனுக்காக மனைவியின் சீதன வீட்டை வைக்கும்போது, உறுதி யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கு முழுவதையும் பார்த்த பிறகுதான் பேனையை எடுக்க வேண்டும். கூரை, மதில், கிணறு போன்ற வேலைக்காக மேலதிகமாக எடுப்பதென்றால், அந்தத் தொகையைத் தனிக் குறுகிய கடனாகப் பிரித்துத் தரக் கேளுங்கள்.

கடைசியாக, பழைய கடனைத் தீர்த்த பின் ஈட்டை ரத்துச் செய்யும் உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். பற்றுச்சீட்டு கையில் இருந்தால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பதியாவிட்டால் பழைய ஈடு ஏட்டில் அப்படியே நிற்கும். அடுத்த முறை வில்லங்கம் பார்க்கும்போதுதான் தெரியவரும். ஒரு மாதம் கழித்துப் பதிவேட்டுப் பிரதியை எடுத்து, அந்தப் பதிவு விழுந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக் கடன் விடயங்களில் அனுபவமுள்ள வாசகர்கள்,
களுவாஞ்சிகுடி.