தண்ணி எப்படி இருந்தது என்று கேட்ட அப்பாவுக்கு

சிட்னி
15.06.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் இங்கே நலம். நீங்கள், அண்ணன், மைனி, பிள்ளைகள் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

இங்கே நடந்த ஒளி விழாவைப் படகில் போய்ப் பார்த்தபோது எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு அம்மா குளிரைப் பற்றிக் கேட்டாள், மைனி டிக்கெட் விலை கேட்டாள். நீங்கள் மட்டும், "வெளிச்சமெல்லாம் நல்லாத்தான் இருக்கு மக்களே, தண்ணி எப்படி இருந்தது?" என்று கேட்டீர்கள். பாப்பா போனைப் பிடுங்கிக்கொண்டே இருந்ததால் அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தடைக்காலம் ஆனதால் அண்ணன் வீட்டில்தான் இருப்பான், அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். அவன் கேட்க வேண்டியதும் இதில் இருக்கிறது.

விழாவை முதலில் சொல்லிவிடுகிறேன். விவிட் சிட்னி என்று பெயர். 2009-இல் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் மே கடைசியிலிருந்து ஜூன் நடுவரை நடக்கும். இந்த வருடத்து விழா நேற்றோடு முடிந்தது. அங்கே சாரல் பிடிக்கிற இந்த நேரத்தில் இங்கே குளிர்காலம், ஐந்து மணிக்கே இருட்டிவிடும். வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் ஜனங்களை வெளியே வரவைக்க இது நல்ல ஏற்பாடு. மாலை ஆறு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை துறைமுகத்தைச் சுற்றியுள்ள கட்டடங்கள், பாலம், மரங்கள் எல்லாவற்றிலும் வெளிச்சம். கரையில் நடந்து பார்க்கக் காசு கிடையாது. ஆனால் சர்க்குலர் கீ என்கிற படகுத்துறையில் சனி, ஞாயிறு என்றால் நிற்க இடமிருக்காது. போன வருடம் அந்தக் கூட்டத்தில் பாப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த வருடம் என்னோடு வேலை செய்கிற கோட்டயம் சேச்சி ஒரு சின்னப் படகில் இடம் பிடித்துத் தந்தார்.

பாலத்துக்கு மேற்கே வடகரையில் மக்மஹன்ஸ் பாயிண்ட் என்ற இடத்தில் ஏறினோம். பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் பைபர் படகு. நம் வள்ளத்தைவிட நீளம் குறைவு, அகலம் கொஞ்சம் கூடுதல். ஓட்டியவருக்கு அறுபது வயது இருக்கும். கிரேக்கத் தீவு ஒன்றிலிருந்து வந்த குடும்பம், தாத்தா மீன்பிடித்தவராம். நான் கடற்கரைக்காரி என்று சொன்னதும் என்னைப் பின்பக்கம், தன் அருகில் உட்காரச் சொன்னார். எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக் கொக்கி போட்ட பிறகுதான் இன்ஜினை எடுத்தார். பெரியவர்களுக்குக் கழுத்தைச் சுற்றி மெல்லிய பட்டையாகத் தொங்கும் ரகம், தண்ணீரில் விழுந்தால் தானாகக் காற்று நிரம்பும். பாப்பாவுக்குத் தெர்மோகோல் மாதிரி அடைத்த சின்ன ஜாக்கெட்.

தண்ணீர் அசையவே இல்லை அப்பா. கயிற்றை அவிழ்த்தார், படகு துறையை விட்டு நகர்ந்தது, அவ்வளவுதான். யாரும் தோள் கொடுத்துத் தள்ளவில்லை. எந்தத் திரை ஓயும் என்று கரையில் காத்து நிற்கவில்லை. மடங்கி விழுகிற அலைக்குள் முகத்தைக் கொடுத்து ஏறி இறங்கவில்லை. நீங்கள் வள்ளம் இறக்கும்போது, கடைசித் திரையைத் தாண்டும்வரை அம்மா மணலில் உட்காராமல் நின்றுகொண்டிருப்பாளே, அது எனக்கு நினைவில்லாத நாள் இல்லை. அப்படி ஒரு பயம் இல்லாமல் படகு கடலில் இறங்கும் என்பதே எனக்குப் புதிது.

இந்த அமைதியை மனிதர்கள் கட்டவில்லை. முன்னொரு காலத்தில் இது ஆறு ஓடிய பள்ளத்தாக்கு. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது கடல் உள்ளே ஏறிப் பள்ளத்தாக்கை மூடிவிட்டது. நாங்கள் குடியிருக்கும் பரமட்டாவின் ஆறுதான் இன்றும் இதில் வந்து சேருகிறது. கடலுக்கும் துறைக்கும் இடையில் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று இரண்டு பாறை முனைகள். அதற்கு வெளியே டாஸ்மன் கடல், அங்கே அலை நம் கடலுக்குக் குறைந்ததல்ல. வளைந்து வளைந்து உள்ளே வருவதற்குள் அதன் வேகம் செத்துவிடுகிறது. எங்களை ஆட்டியது மேன்லிக்குப் போகிற பெரிய ஃபெரி கிளப்பிய அலை மட்டும்தான். அது வருவதைப் பார்த்ததும் படகுக்காரர் படகின் முன்பக்கத்தை, அதாவது அணியத்தை, அலைக்கு நேராகத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, ஏறவிட்டு இறக்கினார். நீங்கள் செய்வதும் அதுதானே.

பாலத்துக்கு அடியில் போனபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். 1932-இல் திறந்தது. ஒற்றை வளைவாக 503 மீட்டர் தாண்டுகிறது. இரண்டு கரையிலிருந்தும் வளைவைக் கட்டிக்கொண்டே வந்து நடுவில் சேர்த்திருக்கிறார்கள். உச்சி தண்ணீரிலிருந்து 134 மீட்டர். அந்தக் கணக்கு உங்களுக்குச் சட்டென்று பிடிபடாது, இப்படிச் சொல்கிறேன்: ரோடு போகிற அடித்தட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் 49 மீட்டர் இடைவெளி இருக்கிறது. குமரிமுனையில் நிற்கிற நம் அய்யன் திருவள்ளுவர், பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதாவது 40 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அவரை அப்படியே படகில் நிறுத்திக் கொண்டுபோனாலும் தலை தட்டாது. மேலே ரயில் போனபோது எழுந்த சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. பாப்பா காதைப் பொத்திக்கொண்டாள்.

பாலத்தைத் தாண்டியதும் ஆபரா ஹவுஸ் என்கிற இசை, நாடக அரங்கம். படத்தில் கப்பல் பாய் விரித்த மாதிரி தெரிகிறதே, அதுதான். அதன் மேல் ஒளியால் படம் வரைகிறார்கள். ஒரு நிமிடம் இலை, அடுத்த நிமிடம் தண்ணீர், பிறகு எங்கும் ஒரே நிறம். எதிர்க்கரையில் பெரிய புரொஜெக்டர்களை வைத்து மேற்குப் பக்கமாகப் பாய்ச்சுகிறார்கள். படகு கிழக்கே சுற்றிப் போனதும் வெளிச்சம் மறைந்து, ஓடு வெறும் ஓடாகத் தெரிந்தது. எனக்கு அந்தப் பக்கம்தான் அதிகம் பிடித்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள், ஸ்வீடனில் செய்து கொண்டுவந்தவை. வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சமே அவற்றுக்குப் போதுமாக இருந்தது. இதை வடிவமைத்த டென்மார்க்காரர் யோர்ன் உட்சனின் அப்பா கப்பல் வடிவமைப்பவர். கட்டடம் ஏன் தண்ணீரில் மிதக்கிற மாதிரி நிற்கிறது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? ஆனால் பாவம், செலவு, தகராறு என்று ஏதேதோ நடந்து 1966-இல் பாதியில் விலகிப் போய்விட்டார். 1973-இல் திறந்தார்கள். 2008-இல் இறக்கும்வரை, கட்டி முடித்த தன் கட்டடத்தை அவர் வந்து பார்க்கவே இல்லை. இதைப் படகில் கேட்டதிலிருந்து அந்த மனிதரின் நினைப்பாகவே இருந்தது.

உங்களுக்கு மிகவும் பிடித்திருக்கும் என்று நான் நினைத்தது வேறு. கரையில் இத்தனை வெளிச்சம் இருந்தும் நம் படகுக்குள் படகுக்காரர் ஒரு விளக்குகூட வைக்கவில்லை. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை, சட்டப்படி இருக்க வேண்டியவை மட்டும். செல்ஃபி எடுக்க ஒருவர் பிளாஷ் அடித்தபோது அவர் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். கரை விளக்குகளின் நடுவே அடுத்த படகின் சின்னச் சிவப்பையும் பச்சையையும் கண்டுபிடிப்பதே பெரிய பாடு, அதில் கண்ணில் வெளிச்சம் அடித்தால் நான் எப்படி ஓட்டுவது என்றார். அந்த ஒன்றரை மணி நேரமும் மனிதர் அலங்காரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. இருட்டான தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தால் இரண்டு பேருக்கும் பாஷை தேவைப்பட்டிருக்காது.

டார்லிங் ஹார்பர் பக்கமும் போனோம். அங்கே ஹோட்டல்களும் பாட்டும் கூட்டமும்தான், எழுத ஒன்றும் இல்லை. திரும்பும்போது ஒரு துறையில் விளக்கடியில் நாலைந்து பேர் கணவாய்க்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிச்சத்துக்குக் கணவாய் வருவது இங்கேயும் உண்டு. ஆனால் அப்பா, இவ்வளவு அழகான துறையில் 2006 முதல் தொழிலுக்கு மீன் பிடிக்கத் தடை. பழைய ரசாயனத் தொழிற்சாலைக் கழிவில் இருந்த டயாக்சின் என்ற நஞ்சு அடிச்சேற்றில் படிந்து கிடக்கிறது. பாலத்துக்கு மேற்கே பிடித்ததைச் சாப்பிடவே வேண்டாம் என்கிறார்கள். மேலே எத்தனை நிறம் காட்டினாலும் அடியில் போட்டது போகவில்லை. போன மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய சரக்குக் கப்பலிலிருந்து நம் கரைக்கு ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளைத்தான் அப்போது நினைத்தேன். அதை அள்ளுகிறவர்கள் கையுறை போட்டுத்தான் அள்ள வேண்டும், பிள்ளைகளை அந்த மணலில் விளையாட விடாதீர்கள்.

படகுக்காரர் சொன்ன ஒரு கதையை எழுதியே ஆக வேண்டும். 1857 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து டன்பார் என்ற பாய்க்கப்பல் வந்தது. இரவு, மழை, காற்று. துறையின் வாயைத் தவறாகக் கணித்துத் தெற்கு முனைக்கு அருகே பாறையில் மோதிவிட்டது. 121 பேர் இறந்தார்கள். ஜேம்ஸ் ஜான்சன் என்ற மாலுமி ஒருவர் மட்டும் பாறை இடுக்கில் தொற்றிக்கொண்டு தப்பினார். மக்வாரி கலங்கரை விளக்கம் 1818-லேயே அங்கே இருந்தது, ஆனால் அது வாயின் விளிம்பில் இல்லை. அடுத்த வருடமே, 1858-இல், தெற்கு முனையின் நுனியில் ஹார்ன்பி என்ற இன்னொரு கலங்கரை விளக்கத்தைக் கட்டிவிட்டார்கள். தப்பிய ஜான்சன் பிற்பாடு சிட்னிக்கு வடக்கே இருக்கிற நியூகாசிலில் கலங்கரை விளக்கில் வேலை பார்த்தார். 1866-இல் அங்கே துறைமுக வாயிலில் கவாரா என்ற கப்பல் மூழ்கியபோதும் ஒருவர்தான் பிழைத்தார். அவரைத் தண்ணீரிலிருந்து தூக்கியவர்களில் ஜான்சனும் உண்டு. இதைக் கேட்டபின் வீட்டில் இருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாட்சன்ஸ் பேவுக்கு ஃபெரி ஏறிப்போய், அங்கிருந்து நடந்து, அந்த ஹார்ன்பி கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட சின்னக் கோபுரம். இன்றும் எரிகிறது.

அதன் அடியில் நின்றபோது தேங்காப்பட்டணம் துறைமுகத்தைத்தான் நினைத்தேன். நம் முகத்துவாரத்தில் மணல் அடைத்து, அலை உயர்ந்து, படகு கவிழ்ந்து எத்தனை பேர் போனார்கள். கரையைக் கண்ணால் பார்த்தபடியே போனார்கள். ஒவ்வொரு முறையும் சாலையில் உட்கார்ந்தோம், மனு கொடுத்தோம். இங்கே ஒரு கப்பல் போனதற்கு மறு வருடமே விளக்கு எழுந்தது. நம்முடைய உயிருக்கும் அதே அவசரம் வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? அலைத்தடுப்புச் சுவர் சரியான கோணத்தில், சரியான நீளத்தில் இருக்க வேண்டும், மணலைக் காலாகாலத்தில் வார வேண்டும். இயற்கை சிட்னிக்குக் கொடுத்ததை நமக்குக் கல்லாலும் கணக்காலும்தான் கட்டிக்கொள்ள முடியும். ஊர்க்கூட்டத்தில் அண்ணன் இதைப் பேசுவான் என்றால் டன்பார் கதையையும் சேர்த்துப் பேசட்டும்.

சரி, அண்ணனுக்கு உள்ளது. ஆகஸ்டு 1-ஆம் தேதி தடை நீங்கியதும், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்குகடலுக்குப் போவான். லைஃப் ஜாக்கெட் போட்டால் வலை இழுக்க இடைஞ்சல், வேர்க்கும் என்று சொல்வான், தெரியும். ஒக்கி புயல் வந்த 2017-க்குப் பிறகும் அவன் அப்படிச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. வலை இழுக்கும்போது போடாவிட்டாலும் போகட்டும், முகத்துவாரம் தாண்டும்போதும் திரும்பி நுழையும்போதும் எல்லோரும் போட்டே ஆக வேண்டும். ஆட்கள் அதிகம் போனது அந்த இடத்தில்தானே. நான் பேசினால் சிரித்து மழுப்புவான், நீங்கள் சொன்னால் கேட்பான். காற்று நிரம்பும் ரகத்தில் சின்ன கேஸ் குப்பி இருப்பதால் விமானத்தில் கொண்டுவருவது தொல்லை. அதனால் பணமாக அனுப்புகிறேன். படகில் போகிற அத்தனை பேருக்கும் அங்கேயே நல்லதாகப் பார்த்து வாங்கட்டும். ஓனர் வாங்கித் தருவார் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், அடுத்த மே மாதம் நீங்களும் அம்மாவும் இங்கே வர வேண்டும். "கடலைப் பார்க்க அவ்வளவு தூரம் வரணுமா" என்று போனில் கேட்டீர்கள். கடலைப் பார்க்க வேண்டாம், பேத்தியைப் பார்க்க வாருங்கள். திருவனந்தபுரத்தில் ஏறினால் நடுவில் ஒரே ஒரு இடத்தில் விமானம் மாறி வந்துவிடலாம். அந்தப் படகுக்காரரிடம் என் அப்பா வருவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அணியத்தில் இடம் தருவதாகச் சொன்னார். முதலில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போடுங்கள். அம்மாவின் ஆதார் அட்டையில் பிறந்த தேதி தவறாக இருக்கிறது, அதை இந்த மாதமே திருத்திவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் தள்ளிப்போகும்.

பணம் வியாழக்கிழமைக்குள் மைனி கணக்கில் விழும். வந்ததும் ஒரு போன் செய்யுங்கள்.

உங்கள் அன்பு மகள்