சத்தம் போடும் மாத்திரை டப்பா

ஆசிரியருக்கு,

எச்.ஐ.வி. தொற்றுள்ள பிள்ளைகள் வளரிளம் பருவத்தில் வைரஸைக் கட்டுப்படுத்தத் தினமும் விழுங்க வேண்டிய கூட்டு மருந்தைப் பாதியில் விட்டுவிடுவதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அதை அலட்சியம் என்று ஒதுக்குவது சரியல்ல. 2004 முதல் அரசின் எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களான ஏ.ஆர்.டி. மையங்களில் இம்மருந்து இலவசமாகத் தரப்படுகிறது. ஆனால் யார் கண்ணிலும் படாமல் அதை விழுங்க, பிள்ளைகளுக்கு ஓர் இடம் கிடைப்பதில்லை.

என் தங்கை மகளை நான்தான் வளர்க்கிறேன். பள்ளி விடுதியில் மாத்திரை டப்பா குலுங்கினால் தோழிகள் கேட்பார்களே என்று உள்ளே பஞ்சை அடைத்து வைத்திருந்தாள். விளக்கணைத்த பிறகு விழுங்கலாம் என்று காத்திருந்து, பல இரவுகள் அப்படியே தூங்கிப்போயிருக்கிறாள். பரிசோதனையில் வைரஸ் அளவு ஏறியிருப்பது தெரிந்ததும் அவளைத் திட்டிவிட்டேன். அப்புறம்தான் பஞ்சைப் பார்த்தேன். மருந்து வாங்க வேலை நாளில் விடுப்பு எடுத்தால், அதற்கும் வகுப்பில் காரணம் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்காக மையங்களை ஞாயிறு காலையில் திறக்கலாம். விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு அடுத்த விடுமுறை வரைக்குமான மாத்திரைகளை, குலுங்காத சிறு உறைகளில் நாள்வாரியாகப் பிரித்துத் தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு பெரியம்மா, மதுரை