பொங்கலுக்கு வரும் சைக்கிள்

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். 38 வயதில் உனக்குச் சைக்கிள் மேல் இப்படி ஒரு பிடிப்பு வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பொங்கலுக்கு வரும்போது புதுச்சேரியிலிருந்து மாமல்லபுரம் போய் அன்றைக்கே திரும்பணும் என்றாய். போக வர ஏறத்தாழ 200 கிலோமீட்டர், தாராளமாகப் போகலாம். ஆனால் 60 கிலோமீட்டர் தாண்டினால் முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகிறது என்றாயே, அந்த வலியோடு கிளம்பாதேம்மா.

முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தால் உயரம். ஓட்டும்போது போடுகிற ஷூவோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார். பெடலைக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வை. கால் நேராக நீளணும், இடுப்பு சாயக்கூடாது. பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். அதுதான் உன் அளவு. இப்போதைய உயரத்தில் சீட் கம்பியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு, ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் மட்டும் ஏற்று. இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து அடுத்த 3. ஒரேயடியாக ஏற்றினால் வலி இடம் மாறுமே தவிரப் போகாது.

விரல் மரப்புக்கும் சீட்டைத்தான் சந்தேகப்படுகிறேன். சீட்டின் மூக்கு, அதாவது முன்முனை, கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் விழும். அங்கே ஓடும் நரம்பு நசுங்குவதால்தான் அந்த இரண்டு விரல் மட்டும் மரக்கிறது. சீட்டை மட்டமாக வை. முழங்கையை மடக்கியே ஓட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிடியை மாற்று.

உன் ட்யூபில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. ரோட்டோரப் பஞ்சர் கடைக் காற்றுக்குழாய் அதில் உட்காராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வைத்துவிடு. பஞ்சரானால் புது ட்யூப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவு. நம் பக்கம் கருவேல முள் அதிகம், நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நிற்கும். அதை எடுக்காவிட்டால் பத்து நிமிஷத்தில் புது ட்யூபும் போய்விடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் அது முள் இல்லை, காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் ட்யூப் ரிம்மோடு நசுங்கியது. பேட்ச் ஒட்டுவதானால் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஈரம் போய் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திரு. ஈரத்தில் ஒட்டிய பேட்ச் நிற்காது.

தையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். மரக்காணம் உப்பளத்துப் பக்கம் மறைப்பே கிடையாது, போகும்போது முகத்தில் அறையும். வேகம் குறைகிறதே என்று அழுத்தி மிதிக்காதே, கியரை இறக்கு. திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். பிரெவே என்கிற, குறித்த நேரத்துக்குள் முடிக்கும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டங்களில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். நிற்பதையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் போனாலே போதும்.

பசி எடுக்கும்வரை காத்திருக்காதே. முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் கடலை மிட்டாயும், வெயிலைப் பார்த்து அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீரும். வெறும் தண்ணீராகவே குடித்தால் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும். மோரில் உப்புப் போட்டுக் குடி. ஓஆர்எஸ் என்றால் பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு ஒன்று. முக்கால் லிட்டர் பாட்டிலில் முழுசாகக் கொட்டாதே.

செயினை நீ வந்ததும் நான் பார்த்துக்கொள்கிறேன். பஸ்ஸில் ஏற்றச் சீட்டைக் கழற்றுவாய் அல்லவா? அதற்கு முன் இரண்டு பெடல் தண்டும் சேர்ந்து சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்தளம் வரை டேப் பிடித்து அளந்து, மில்லிமீட்டரில் எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா