ஆய்வுகூடத்தில் பிறந்த பசளை வயலுக்கு வராதது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துறைமுகம், திருகோணமலை எண்ணெய்க் குதங்கள், வெளிநாட்டுக் கப்பல் என்று எந்தப் பேச்சு வந்தாலும் நமது அரசியல்வாதிகள் உடனே இறைமையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். தங்கள் பத்திரிகையிலும் அதுபற்றி நிறைய வாசிக்கிறேன். ஆனால் நமது சொந்த ஆய்வுகூடத்தில் பிறந்த அறிவு நமக்கே பயன்படாமல் போவதும் இறைமையைப் பாதிக்கிற விடயம்தானே? அதை யாரும் எழுதியதாகக் காணவில்லை.

2008 இல் அரசும் சில பெரிய தனியார் நிறுவனங்களும் சேர்ந்து இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தை ஆரம்பித்தன. ஸ்லின்ரெக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இன்று கொழும்புக்கு அருகே ஹோமாகமவில் இயங்குகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வெரஞ்ச கருணாரத்ன, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் நில்வலா கோட்டேகொட, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கெஹான் அமரதுங்க போன்றோர் சேர்ந்து அங்கே எடுத்துக்கொண்ட முதல் வேலைகளில் ஒன்று யூரியா.

வயலில் வீசும் யூரியாவில் பாதிக்கு மேல் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. நீரோடு கழுவிப்போகிறது, அமோனியாவாகக் காற்றில் கலக்கிறது. விவசாயி திரும்பத் திரும்ப வீச வேண்டியிருக்கிறது. இதற்கு அவர்கள் கண்ட வழி ஹைட்ரொக்ஸிஅபடைற். நமது எலும்பிலும் பல்லிலும் இருக்கிற அதே கல்சியம் பொசுபேற்று. அதை நனோ அளவுத் துணிக்கைகளாக்கி, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிகமிகச் சிறிய துணிக்கைகளாக்கி, ஒரு பங்குக்கு ஆறு பங்கு யூரியாவை அதனோடு பிணைத்தார்கள். அந்தப் பிணைப்பு யூரியாவைச் சட்டென்று கரையவிடாது. தனி யூரியாவைவிடப் பன்னிரண்டு மடங்கு மெதுவாக அது வெளியேறியது என்று 2017 இல் 'ஏசிஎஸ் நனோ' சஞ்சிகையில் எழுதினார்கள். நெல் வயலில் சிபாரிசு செய்யப்பட்ட யூரியாவில் பாதியை மட்டும் இந்த முறையில் போட்டுப் பார்த்தபோதும் விளைச்சல் குறையவில்லை. யூரியா முழுவதையும் டொலர் கொடுத்து வாங்குகிற ஒரு நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

அந்தக் கட்டுரை வெளிவருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே இந்தப் பசளையின் காப்புரிமை இந்திய உர நிறுவனமொன்றுக்குக் கைமாறிவிட்டது. இங்கே அதைப் பெருமளவில் உற்பத்தி செய்ய முதலீடு போட எவரும் முன்வராதபோது, கண்டுபிடித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதத்தை மட்டுமே ஆராய்ச்சிக்குச் செலவிடுகிற நாடு இது. குறை சொல்ல வேண்டியது அரசைத்தான். காப்புரிமையை விற்கும்போது, நமது நாட்டில் நமது தேவைக்கு உற்பத்தி செய்யும் உரிமையை நம்மிடமே வைத்துக்கொள்ளும்படி ஒரு விதி இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் 2021 வந்தது. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியில் நிறுத்தப்பட்டது. ஒக்டோபரில், பெரும்போகம் தொடங்குகிற நேரத்தில், இந்தியாவிலிருந்து விமானத்தில் திரவ நனோ யூரியா வந்து இறங்கியது. அது நமது விஞ்ஞானிகளுடையது அல்ல, வேறொரு தொழில்நுட்பம். அதன் பயனைப் பற்றி இந்தியாவிலேயே சர்ச்சை இருக்கிறது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல் பரிசோதனைகளில் விளைச்சல் குறைந்ததாகவே வந்திருக்கிறது. ஆனால் என்னை வருத்தியது வேறு. நனோ பசளையில் இத்தனை வருடம் ஆராய்ச்சி செய்தவர்கள் ஹோமாகமவில் இருக்க, நெருக்கடியில் நாம் இன்னொரு நாட்டின் போத்தலுக்காக விமான நிலையத்தில் காத்திருந்தோம். நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் விவசாயிகளுக்குப் போகம் போய்விட்டது. அடுத்த வருடம் யூரியா வாங்க இந்தியாவிடம் 55 மில்லியன் டொலர் கடன் எடுத்தோம்.

வயலில் நடந்தது நகரத்துக்கு வர நேரம் எடுக்கவில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். எங்கள் பக்கத்துத் தொடர்மாடிகளில் பருப்பையும் மரக்கறியையும் அரைவாசி அரைவாசியாகப் பங்கிட்டு வாங்கியவர்களை நான் அறிவேன். அந்த வருடம் ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். சரி, எங்கே செய்வது? குடிசைகளை அகற்றி மக்களைப் பன்னிரண்டு மாடிக் கட்டடங்களுக்கு ஏற்றியபோது, முருங்கை மரமும் கறிவேப்பிலைச் செடியும் நின்ற முற்றங்கள் கீழேயே நின்றுவிட்டன. மிஞ்சியது வெயில் படுகிற ஒரு அடி அகல பல்கனி. அதில் பெயின்ற் வாளியில் மண் நிரப்பிக் கத்தரியும் மிளகாயும் நட்டவர்கள் உண்டு. பசளை கிடைக்கவில்லை, கிடைத்தபோது எவ்வளவு போடுவதென்று சொல்லித்தர எவரும் வரவில்லை.

மெதுவாகக் கரைகிற பசளை வாளிச் செடிக்குத்தான் மிகவும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. கொஞ்ச மண், அடிக்கடி தண்ணீர், சத்தெல்லாம் கீழ் மாடிக்கு ஒழுகிப் போகும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் துறை இருக்கிறது, ஹோமாகமவில் இரசாயனம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பும் ஒரு தொடர்மாடியின் மக்களோடு சேர்ந்து ஒரு வருடம் வேலை செய்து பார்க்கட்டும். எந்த மாடியில் எது காய்க்கிறது என்று அங்குள்ள பெண்களே எழுதி வைப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹைட்ரொக்ஸிஅபடைற்றின் நெருங்கிய உறவான அபடைற் கனிமம் அநுராதபுரத்தின் எப்பாவலவில் மலையாகக் கிடக்கிறது. தொண்ணூறுகளில் அதை அமெரிக்கக் கம்பனியொன்று தோண்டி எடுக்க ஒப்பந்தம் தயாரானது. அந்தக் கிராம மக்கள் சிலர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2000 இல் வந்த தீர்ப்பு, இயற்கை வளங்களை அரசு மக்களின் நம்பிக்கைப் பொறுப்பாளராகவே வைத்திருக்கிறது என்று சொல்லித் திட்டத்தை மறித்தது. மண்ணுக்குள் கிடக்கும் கல்லுக்கு அந்தக் காவல் கிடைத்தது. பொதுப்பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புக்கு இன்னும் கிடைக்கவில்லை. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் தோண்டும் காரீயத்திலிருந்து (பென்சிலில் இருக்கும் கிரபைற்) கிரபீன் எனும் மிக மெல்லிய காபன் படலம் செய்யும் முயற்சிகளும் நடப்பதால் இந்தக் கேள்வி அங்கேயும் எழும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அரசுப் பணம் ஒரு ரூபாயாவது சேர்ந்த ஆராய்ச்சியின் காப்புரிமையை விற்கும்போது உள்நாட்டுப் பாவனை உரிமை நம்மிடமே இருக்க வேண்டும் என்று பாராளுமன்றம் சட்டம் செய்யட்டும். நனோ பசளையின் பரிசோதனைகளைக் கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமும் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் நமது மண்ணில் செய்து, நல்லதோ கெட்டதோ, முடிவுகளை மூன்று மொழியிலும் வெளியிடட்டும். நனோ துணிக்கைகள் மண்ணிலும் தண்ணீரிலும் என்ன செய்யும் என்பதையும் அதிலேயே சேர்த்துப் பார்க்கட்டும். தங்கள் பத்திரிகை அந்த முடிவுகளைத் தமிழில் கேட்டு வாங்கிப் போட்டால் எங்கள் தொடர்மாடியில் வாசிக்கப் பலர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13