பெஞ்சில் உட்காரப்போகிற பையன்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து உங்கள் பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் பன்னிரண்டாம் வகுப்புப் பையனை உட்கார வைத்துவிட்டு, பத்தாம் வகுப்புப் பையனைக் குவாட்டர்பேக்காக (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவனாக) இறக்கப்போகிறோம், ஹெட் கோச் முடிவு செய்துவிட்டார், குவாட்டர்பேக்குகளைப் பார்த்துக்கொள்வது நான் என்பதால் பெரியவனிடம் நான்தான் சொல்லவேண்டும் என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் ஃபிலிம் (பழைய மேட்ச் வீடியோ) பார்க்க நேரமாச்சு என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

சின்னவன் நன்றாக வீசுகிறான் என்று நீ சொன்னால் நான் நம்புகிறேன். நன்றாக வீசுகிறவன்தான் ஆடவேண்டும், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கவலையெல்லாம் பெரியவனைப் பற்றித்தான். அவனிடம் எப்படிச் சொல்லப்போகிறாய், சொன்ன பிறகு மிச்சமிருக்கிற சீசன் முழுக்க அவனோடு எப்படி இருக்கப்போகிறாய் என்பதை இப்போதே யோசித்து வைத்திருக்கிறாயா என்று கேட்கத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

ஹன்ட்ஸ்வில்லுக்கு நாம் குடிவந்தபோது பக்கத்து வீட்டில் நம் பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே அலபாமா பல்கலைக்கழக டீமா ஆபர்ன் டீமா, எந்தக் கட்சி என்று கேட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? நீ டஸ்கலூசாவில், அலபாமா பல்கலைக்கழகத்தில், படிக்கச் சேர்ந்ததும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அப்புறம் சனிக்கிழமை சமையலெல்லாம் மேட்ச் தொடங்குவதற்குள் முடிந்துவிடும், அப்பாவும் நானும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். அலபாமா கோச்சாக இருந்த நிக் சேபனை அத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். அவர் பண்ணினது எல்லாமே சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ இப்போது நிற்கிற இடத்தில் அவரும் நின்றார், அதுவும் நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது.

2018 ஜனவரி 8, அட்லாண்டா. நீ முதல் வருஷம். ஜார்ஜியாவோடு சாம்பியன்ஷிப் மேட்ச், ஹாஃப்டைமில் 13-0 என்று பின்தங்கியிருந்தோம். நம் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் எட்டு முறை வீசி மூன்றுதான் பிடிபட்டிருந்தது, மொத்தம் 21 யார்டு. ஆனால் அந்தப் பையன் முதல் வருஷத்திலேயே, 2016இல், டீமுக்குக் குவாட்டர்பேக்காக இறங்கியவன். அவன் தொடங்கிய மேட்ச்களில் அதுவரை இரண்டே இரண்டில்தான் தோற்றிருந்தோம். அப்படிப்பட்டவனை உட்கார வைத்துவிட்டு, ஹவாயிலிருந்து வந்த முதல் வருஷப் பையன் டுவா டங்கோவைலோவாவை இரண்டாம் பாதிக்கு இறக்கினார் சேபன். ஓவர்டைமில் ஜார்ஜியா 23-20 என்று முன்னால். நம் முறை வந்ததும் டுவா முதல் முயற்சியிலேயே எதிராளிகளிடம் மாட்டிக்கொண்டு 16 யார்டு பின்னால் போனான். அப்பா ரிமோட்டை சோபாவில் போட்டுவிட்டு எழுந்தே போய்விட்டார். அடுத்த முயற்சியில் 41 யார்டு வீசினான், டிவாண்டா ஸ்மித் பிடித்தான், 26-23, முடிந்தது.

எல்லோரும் அந்த ஹாஃப்டைம் முடிவைப் பற்றித்தான் பேசினார்கள், இன்னும் பேசுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஒரு வருஷம் முன்னாலேயே அந்த முடிவுக்கான வேலை நடந்துவிட்டது. 2017இல் சேர்த்த பையன்களை ஒருமுறை எண்ணிப் பார். டுவா, டிவாண்டா ஸ்மித், ஜெரி ஜூடி, ஹென்றி ரக்ஸ், நஜீ ஹாரிஸ், எல்லோரும் ஒரே வருஷம். அன்றைக்கு ஜோனா வில்லியம்ஸ் அடிபட்டு வெளியே போனதும் அவன் இடத்தில் வந்து நின்ற அலெக்ஸ் லெதர்வுட்டும் அதே வருஷம்தான். கூடவே புளோரிடாவிலிருந்து மேக் ஜோன்ஸ் என்று இன்னொரு குவாட்டர்பேக், அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாதவன். ஜேலன் ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்குப் பின்னால் இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறார். 2007இல் அவர் அலபாமாவுக்கு வந்த முதல் வருஷம் ஏழு வெற்றி, ஆறு தோல்வி, லூசியானா மன்ரோ என்ற சின்ன டீமிடம் சொந்த ஊரிலேயே தோற்றார்கள். அடுத்த வருஷம் ஜூலியோ ஜோன்ஸ், மார்க் இங்ரம் எல்லாம் சேர்ந்தார்கள், 2009இல் 14 மேட்ச்சும் வெற்றி. ஒவ்வொரு இடத்துக்கும் இவ்வளவு உயரம், இவ்வளவு எடை, இவ்வளவு வேகம் என்று அளவு வைத்துக்கொண்டு பையன்களைத் தேடினவர் அவர். உங்கள் பள்ளிக்கூடத்தில் அதெல்லாம் நடக்காது, அந்தத் தெருக்களில் யார் குடியிருக்கிறார்களோ அவர்கள்தான் டீம். அதனாலேயே உன்னிடம் இருக்கிற ஒரு பையனைக்கூட நீ இழக்க முடியாது.

இனிமேல்தான் நான் சொல்லவந்தது. ஜெயித்த அன்றைக்கு ஜேலன் முகத்தைப் பார்த்தாயா? சிரித்தான், டுவாவைக் கட்டிக்கொண்டான், நிருபர்களிடம் மனசார அவனைப் பாராட்டினான். 19 வயது. அவன் அப்பா ஏவரியன் ஹர்ட்ஸ் டெக்ஸாஸில் சானல்வியூ பள்ளியில் கோச், மகனையும் அவர்தான் அங்கே ஆட வைத்தார். அந்த வளர்ப்புதான் டிவியில் தெரிந்தது என்று அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன். ஆனால் சிரித்துவிட்டான் என்பதற்காக அவனுக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடுமா? அந்த ஆகஸ்டில் அவனே நிருபர்களிடம் வெளிப்படையாகச் சொன்னான், வசந்தகாலம் முழுக்க யாரும், கோச்சுகள் உட்பட, என்னிடம் வந்து உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை என்று. அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை கோச்சுகள், இத்தனை உதவியாளர்கள், தூங்குவதற்கும் சாப்பிடுவதற்கும்கூட ஆள் வைத்து அளக்கிற இடம், அதில் ஒரு பையனைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச யாருக்கும் தோன்றவில்லையா? சேபனை எவ்வளவோ மதிக்கிறேன், ஆனால் இதை நான் மறக்கவில்லை. அந்த செப்டம்பரில் லூயிவில் மேட்ச் முடிந்ததும் குவாட்டர்பேக்கைப் பற்றிக் கேட்ட டிவி நிருபர் மரியா டெய்லரிடம் அவர் எரிந்து விழுந்ததும் (பிறகு கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்) அந்தப் பேசாமலிருந்ததன் தொடர்ச்சிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பையன்களிடம் உட்கார்ந்து பேசி முடித்திருந்தால் மைக் முன்னால் கோபப்படவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

அதே செப்டம்பரில் கிளெம்சன் பல்கலைக்கழக டீமில் நடந்ததையும் பார். அங்கே கோச் டாபோ ஸ்வினி, குவாட்டர்பேக் கெல்லி பிரையன்ட் இடத்தில் முதல் வருஷப் பையன் டிரெவர் லாரன்ஸை வைத்தார். நான்கு மேட்ச்சுக்குமேல் ஆடாவிட்டால் அந்த வருஷம் கணக்கில் சேராது என்ற விதி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. நான்கு மேட்ச் முடிந்திருந்தது, கெல்லி கிளம்பிவிட்டான். அவனை நான் குறை சொல்லமாட்டேன், கடைசி வருஷம், அவன் வாழ்க்கையை அவன்தானே பார்க்கவேண்டும். ஆனால் அடுத்த மேட்ச்சிலேயே லாரன்ஸுக்கு அடிபட்டது. மூன்றாவது ஆளாக இருந்த சேஸ் பிரைஸ் வந்து 94 யார்டு ஓட்டிக்கொண்டுபோய் சிரக்யூஸை 27-23 என்று ஜெயிக்க வைத்தான். தப்பித்தார்கள். அவனும் இல்லையென்றால் அந்த சீசனில் அவர்கள் ஜெயித்த சாம்பியன்ஷிப்பே அவர்கள் கைக்கு வந்திருக்குமா தெரியவில்லை.

ஜேலனும் அப்படியே போயிருக்கலாம், ஊரே போகப்போகிறான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்தாவது மேட்ச்சிலும் இறங்கினான். டிகிரியை முடிக்கணும் என்று இருந்தான், டிசம்பரில் முடித்தான். அந்த வருஷம் குவாட்டர்பேக் கோச்சாக வந்த டேன் ஈனோஸைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. அவர் செய்தது உன் வேலைதான் தம்பி, அதனால் சொல்கிறேன். உட்கார்ந்திருக்கிற பையனுக்கும் தினமும் கால் வைப்பதிலிருந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருந்திருக்கிறார். அந்த சீசனில் ஜேலன் 70 முறை வீசி 51 பிடிபட்டது. முந்தின வருஷங்களில் அவன் அப்படி வீசியதே இல்லை, ஆடுகிற வாய்ப்புக் குறைந்த வருஷத்தில்தான் வீச்சு தேறியது.

டிசம்பர் 1, அதே ஸ்டேடியம், அதே ஜார்ஜியா. டுவா கணுக்காலில் அடிபட்டு வெளியே வந்தான், மேட்ச்சின் கடைசிக் கால்பகுதி, ஏழு புள்ளி பின்னால். ஜேலன் இறங்கினான். ஜூடிக்கு ஒரு டச்டவுன் வீசினான், கடைசி நிமிஷத்துக்குச் சற்று முன்னால் தானே 15 யார்டு ஓடி இன்னொன்று போட்டான், 35-28. நான் அன்றைக்கு அழுதேன். மேட்ச் முடிந்து பேசும்போது சேபனுக்கே குரல் சரியாக வரவில்லை. அந்த மனிதரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அப்புறம் அவன் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குப் போனதும், 2025 பிப்ரவரியில் பிலடெல்பியா டீமுக்காக ஆடி சூப்பர் பவுல் ஜெயித்து சிறந்த ஆட்டக்காரன் ஆனதும் உனக்குத் தெரிந்ததுதான். அந்த மேட்ச்சில் அவன் வீசி டிவாண்டா ஸ்மித் பிடித்த டச்டவுனைப் பார்த்ததும் அப்பா சத்தம் போட்டதில் மாடியில் இருந்தவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். மேக் ஜோன்ஸையும் மறந்துவிடாதே. ஜேலனுக்கும் டுவாவுக்கும் பின்னால் நின்று, 2019 நவம்பரில் டுவாவுக்கு இடுப்பு அடிபட்டபோதுதான் இடம் கிடைத்து, 2020இல் 13 மேட்ச்சும் ஜெயித்தான். ஒரே அறையில் மூன்று பேர். மூன்று பேரும் பிறகு என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் முதல் குவாட்டர்பேக்காக இறங்கினார்கள்.

இப்போது அப்படிக் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது, கல்லூரி மாறிக்கொள்ள போர்ட்டல் இருக்கிறது, 2021லிருந்து கல்லூரிப் பையன்களுக்குக் காசும் வந்துவிட்டது என்று நீ சொல்வாய். உண்மைதான். சேபன் ஓய்வு பெற்ற இரண்டு மாதத்தில், 2024 மார்ச்சில், வாஷிங்டனில் போய் இதையேதான் சொன்னார். பையன்களும் பெற்றோரும் முதலில் எவ்வளவு தருவீர்கள் என்றுதான் கேட்கிறார்கள், இன்னும் ஏன் இதைச் செய்கிறோம் என்று மனைவி டெரி கேட்டாராம். காசு வாங்குவதில் தப்பே இல்லை என்பது என் கட்சி. அந்தப் பையன்கள் உடம்பை உடைத்துக்கொண்டு ஆடுகிறார்கள், கோச்சுகள் கோடிகளில் சம்பளம் வாங்கினார்கள், பையன்களுக்கு மட்டும் பாசம் போதுமா? ஆனால் உன் பெரியவனுக்குக் காசும் இல்லை, போக வேறு இடமும் இல்லை. அவனுக்கு இதுதான் கடைசி வருஷம். அவன் மனசு என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார்.

அதனால் நான் கேட்பதைச் செய்வாயா? பிராக்டிஸ் தொடங்குவதற்கு முன்னால், உன் வகுப்பறைக்குத் தனியாகக் கூப்பிட்டுச் சொல். மெசேஜில் வேண்டாம், மற்ற பையன்கள் மூலமாகத் தெரியவிடவும் வேண்டாம். காரணத்தை அப்படியே சொல், ஃபிலிமில் எது என்று காட்டு. மறுபடி உனக்கே இடம் வரும் என்று ஆறுதலுக்காகச் சொல்லாதே, வராவிட்டால் இரண்டு முறை ஏமாந்தவன் ஆவான். அவன் கோபப்பட்டால் படட்டும், நீ எழுந்து போகாமல் உட்கார்ந்திரு. அன்றைக்கு ராத்திரியே அவன் வீட்டுக்கு போன் பண்ணு. ஹெட் கோச் பண்ணமாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருக்காதே. கேப்டன் பொறுப்பை அவனிடமிருந்து எடுக்கப் பேச்சு வந்தால் கூடாது என்று நீ சொல்லவேண்டும். பிராக்டிஸில் அவன் வீசுகிற நேரத்தைக் குறைக்காதே. ஈனோஸ் செய்ததை மறந்துவிடாதே.

இன்னொன்றை நீ யோசித்தாயா தெரியவில்லை. அவன் கல்லூரி என்ன ஆகும்? கடைசி வருஷ ஃபிலிம் இல்லாத குவாட்டர்பேக்கை யார் தேடி வருவார்கள்? அவனுடைய போன வருஷ ஆட்டங்களை வெட்டி எடுத்து சின்னக் கல்லூரிகளின் கோச்சுகளுக்கு நீயே அனுப்பு, டிவிஷன் 2, டிவிஷன் 3 எதையும் விடாதே. டிவிஷன் 3இல் ஆட்டத்துக்கு ஸ்காலர்ஷிப் இல்லை, அங்கே மார்க்தான் பேசும். நீ கணக்கு வாத்தியார்தானே, அவன் கணக்கில் எப்படி இருக்கிறான்? மொத்த மார்க் சராசரி (ஜிபிஏ) 3.0 அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால் உங்கள் ஜார்ஜியாவில் ஹோப் ஸ்காலர்ஷிப் இருக்கிறது. அவன் வீட்டில் அதெல்லாம் யாராவது எடுத்துச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டுப்பார்.

சின்னவனிடமும் ஒரு வார்த்தை பேசு. பாவம், அவனுக்கும் பயமாகத்தான் இருக்கும், பெரியவர்களெல்லாம் தன்னையே பார்க்கிறார்களே என்று.

வெள்ளிக்கிழமை அப்பா அரை நாள் லீவு போட்டிருக்கிறார், மதியம் சாப்பிட்டதும் கிளம்புவோம். பெரியவனின் அம்மா எந்தப் பக்கம் உட்காருவார் என்று மெசேஜ் பண்ணு, நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். உனக்குப் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்து வருகிறேன், போன தடவை கொடுத்த டப்பாக்களைக் கழுவி எடுத்து வை.

அம்மா